நான்கு நிமிடம் முந்திய கடிகாரம்

எண் 1
1909ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை மணி 6.20. நாகப்பட்டினம்.

சுங்கச் சாவடியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நிறுத்தி வைத்திருந்த நாட்குறிப்பை இன்று மீண்டும் தொடங்குகிறேன். காரணம் உண்டு. தெருக்காவல்காரர் அஞ்சாப்புலிக்கு இவ்வருடக் காவல் கூலி கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, அதை அவரிடமே அறிவித்துவிட்டேன்.

எங்கள் மிஷன் தெருவில் இது பழைய வழக்கம். ஆடிப்பெருக்கை ஒட்டி ஒவ்வொரு வீடும் காவல்காரருக்கு ஒரு தொகையும் ஒரு மரக்கால் நெல்லும் கொடுக்க வேண்டும். கொடுத்த வீட்டில் திருட்டுப் போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் தன் கைப்பொருளிலிருந்து ஈடு செய்ய வேண்டும்.

"அஞ்சாப்புலி, அரசாங்கம் போலீஸ் வைத்திருக்கிறது. அதற்கு நான் வரி கட்டுகிறேன். ஒரே காவலுக்கு இரண்டு முறை கட்டுவதற்கில்லை" என்றேன்.

"போலீசு திருட்டுக்குப் பின்னாடி வருமுங்க. நாங்க முன்னாடியே நிக்கிறவங்க."

"என்னிடம் பூட்டு இருக்கிறது."

அவர் என் பூட்டைப் பார்த்தார். அதன் சாவி முக்கால் சாண் நீளம். அவர் முகத்தில் மரியாதைக் குறிப்பு எதுவும் தோன்றவில்லை. "சரிங்க. வழக்கம் தெரியுமில்ல? கூலி குடுக்காத வாசப்படிய நான் மிதிக்கக் கூடாது. உங்க வூட்டுக்குள்ள ஆனை பூந்தாலும் நான் அந்தாண்ட மொகத்தத் திருப்பிக்கிட்டுதான் போவேன்."

எதிர்வீட்டு ரெபேக்காள் அம்மாள் வான்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே குரல் வந்தது. "ஆனை பூந்தா ஆனைக்குத்தான் கஷ்டம், அஞ்சாப்புலி. ஐயா அத உக்கார வச்சி, என்னைக்குப் பொறந்தே, எத்தனை மணிக்குப் பொறந்தேன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாரு."

இருவரும் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தினேன், பலமாக அல்ல.

ரெபேக்காள் அம்மாள், காலஞ்சென்ற மருந்துக்கடை செல்லையாவின் மனைவி. துறைமுகத்து வெள்ளைக்காரர்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்காக வான்கோழி வளர்த்து விற்கிறார்கள். வயது ஐம்பத்திரண்டு. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு காரியமாகத் தேடியபோது இது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

எண் 2
ஆகஸ்டு 5, வியாழக்கிழமை, காலை மணி 7.00.

எதிர்வீட்டில் நீலக்கரைச் சேலை. இது இங்கே எழுத வேண்டிய செய்தியன்று.

எண் 3
ஆகஸ்டு 8, ஞாயிற்றுக்கிழமை, பகல் மணி 1.15.

தெரு முழுவதும் ஆராதனையில் இருந்த வேளையில் யோசுவா ஐயர் வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான். ஐயருடைய சுவர்க்கடிகாரத்தையும் பட்டுக் குடையையும் காணோம். எங்கள் சபையின் போதகருக்கே இந்தக் கதி.

என் வீட்டில் ஒரு துரும்பும் அசையவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போட்டேன்.

அஞ்சாப்புலி தெருவின் இரு பக்கத்தையும் வீடு வீடாகத் தேடினார். என் வாசலுக்கு வந்ததும், சொன்னபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரு மனிதர் சொன்ன சொல்லை இவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றுவதைக் கண்டு எனக்கு எரிச்சல் உண்டாயிற்று.

எண் 4
ஆகஸ்டு 11, புதன்கிழமை, காலை மணி 11.10.

அக்கம்பக்கத்தில் யாரோ புதிதாக மணியடிக்கும் கடிகாரம் வாங்கியிருக்கிறார்கள். என் பைக்கடிகாரம் சுங்க அலுவலக மணியோடு தினமும் ஒத்துப் பார்க்கப்படுவது. அந்தப் புதுக் கடிகாரம் அதைவிட நான்கு நிமிடம் முந்தி அடிக்கிறது. பதினோரு அடி, அத்தனையும் தப்பு. யார் வீடு என்று கண்டுபிடித்து, கண்ணியமான முறையில் சொல்ல வேண்டும்.

எண் 5
ஆகஸ்டு 15, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 4.40.

மறுபடியும் ஆராதனை நேரம், மறுபடியும் திருட்டு. உபதேசியார் நல்லதம்பியின் ஆர்மோனியம் போயிற்று. அதன் துருத்தி கிழிந்திருந்ததால் தெருவில் துக்கம் அளவோடு இருந்தது.

ஆனால் ரெபேக்காள் அம்மாளின் பன்னீர்ச் செம்பும் போய்விட்டது. வெள்ளி, கழுத்து நீண்டது, மூடியில் ஒரு சிறு புறா. அவர்களுடைய தாயார் கலியாணத்தின்போது கொடுத்தது. விசாரிக்கப் போனேன்.

"போனா போவுது ஐயா. வெள்ளிதானே" என்றார்கள். சொல்லிக்கொண்டே ஏற்கெனவே தீனி தின்ற வான்கோழிகளுக்கு மறுபடியும் தீனி அள்ளிப் போட்டார்கள். பிறகு சிரித்து, "உங்க வூட்டுப் பக்கம் மட்டும் அவன் எட்டிப் பாக்கலையாமே? பாவம், திருடறதுக்கு அங்க என்ன இருக்கு, உங்க இருமலையா எடுத்துக்கிட்டுப் போவான்?" என்றார்கள்.

திருடன் அகப்பட்டால் அவனை நான் சும்மா விடுவதாக இல்லை.

அஞ்சாப்புலி ஈடு செய்வதற்காகத் தன் ஜோடி மாடுகளுக்கு விலை பேசுவதாகக் கேள்வி. அது என் விஷயமன்று. ஆயினும் நல்ல மாடுகள்.

எண் 6
ஆகஸ்டு 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மணி 3.04. (அந்தக் கடிகாரம் மூன்றடித்து எட்டு நிமிடம் ஆகிறது.)

பகல் தூக்கத்தில் ஒரு கீர்த்தனையின் முதல் சுரம் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்தாற்போல் கேட்டது. விழித்தேன், நின்றுவிட்டது. மதியம் சாப்பிட்ட வாழைக்காய் வறுவலின் கோளாறு. இனி எண்ணெய்ப் பதார்த்தம் விலக்கு.

எண் 7
ஆகஸ்டு 19, வியாழக்கிழமை, காலை மணி 11.30.

வாசற்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

மணி சரியாக 10.56க்கு அக்கடிகாரம் பதினொன்று அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் என் மச்சின் மரச்சட்டத்திலிருந்து தூசி உதிர்ந்தது. ஏணியை வைத்து ஏறினேன். பழைய சுங்கக் காகிதங்களை வைத்திருக்கும் அந்த மச்சில், என் காகிதக் கட்டுகளையே திண்டாகப் போட்டு, ஐயரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பட்டுக் குடை. அதன் பக்கத்தில் ஆர்மோனியம். அதன் கட்டைகளின்மேல் ஒரு எலி உலாவியது. மூலையில், என் பழைய தலைப்பாகைத் துணியில் பத்திரமாகச் சுற்றி, புறா மூடியுடன் பன்னீர்ச் செம்பு.

கூரையில் நான்கு ஓடுகள் நகர்த்தப்பட்டு, மீண்டும் ஒழுங்காக மூடப்பட்டிருந்தன.

உண்மை எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தத் தெருவில் காவல்காரர் கால் வைக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். திருடனுக்கு அதைவிடப் பத்திரமான கிடங்கு கிடைக்குமா?

முப்பத்தோரு வருடம் சுங்கச் சாவடியில் அகப்பட்ட ஒவ்வொருவனுக்கும் நான் சொன்ன வாக்கியம் ஒன்றே: "பொருள் எவன் கூரையின் கீழ் இருக்கிறதோ, அவனே குற்றவாளி." எத்தனையோ பேர் அழுதார்கள். நான் வாக்கியத்தை மாற்றியதில்லை.

யார் என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்வேன். எதிர்வீட்டில் என்ன நினைப்பார்கள்?

எண் 8
ஆகஸ்டு 20, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.00.

தண்டோரா போட்டார்கள். பினாங்குக் கப்பல் புறப்படுமுன், வருகிற புதன்கிழமை, மிஷன் தெருவில் ஒரு வீடு விடாமல் போலீஸ் சோதனை.

தெருவில் முதலாவதாகக் கைதட்டியவன் நானே. பிறகுதான் யோசித்தேன்.

எடுத்தவன் திருடன் என்றால், திருப்பி வைப்பவனுக்கு என்ன பெயர் என்று சட்டப் புத்தகத்தில் தேடினேன். பெயர் இல்லை. ஆகவே அது குற்றமன்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழங்கால் வலி வரும்.

எண் 9
ஆகஸ்டு 22, ஞாயிற்றுக்கிழமை, பகல் மணி 12.20.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தெரு காலியானதும் கடிகாரத்தை அங்கவஸ்திரத்தில் சுற்றி இடக்கையில் இடுக்கி, பட்டுக் குடையை வலக்கையில் விரித்து, மறைவாகப் புறப்பட்டேன். வானத்தில் மேகமே இல்லை. நடுத்தெருவில் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. பத்து அடி! நான் அதோடு சேர்ந்து இருமினேன். ஆறாவது அடிக்குமேல் இருமல் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னலின் மேற்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. காற்று என்று நினைக்கிறேன்.

ஐயர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கடிகாரத்தை ஆணியில் மாட்டினேன். போகத் திரும்பினேன். முடியவில்லை. திரும்பி வந்து நான்கு நிமிடத்தைக் குறைத்து வைத்தேன். தப்பான மணியை ஒரு போதகர் வீட்டில் தெரிந்தே விட்டு வருவது எப்படி? குடையில் ஒரு கம்பி தையல் விட்டிருந்ததை நேற்றே தைத்துவிட்டிருந்தேன்.

ஆர்மோனியத்துக்காக வீடு திரும்பி ஏணியில் ஏறினால், மச்சில் ஒரு நபர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மெலிந்த உருவம், நாற்பது வயதிருக்கும்.

என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். "ஐயா, நீங்களே சொல்லுங்க, இது நாயமா? கடியாரம் போயிடிச்சு! கொடையும் போயிடிச்சு! பத்திரமா கொண்டாந்து வச்சத எவனோ திருடிட்டான் ஐயா!"

"அடப்பாவி!" என்றேன்.

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன். இந்தத் தெருவுல ஒருத்தரையும் நம்ப முடியல. இப்படின்னு போயி அஞ்சாப்புலிகிட்ட சொல்லலாமின்னா, அவரு உங்க வூட்டுக்கு வர மாட்டாரு. கூலிய ஒழுங்கா குடுத்திருக்கப்படாதா நீங்க?"

என் வாழ்நாளில் இவ்வளவு அநியாயமான ஒரு நியாயத்தை நான் கேட்டதில்லை. பெயரைக் கேட்டேன்.

"எந்த ஊர்லீங்க?" என்றார்.

ஆகவே அவரை 'அந்த நபர்' என்றே குறிப்பிடுகிறேன். பொருள்களை எடுத்தவன் நான்தான் என்றும், புதன்கிழமை சோதனை என்றும் எடுத்துச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. "சோதனையா? கப்பல் வியாழக்கிழமைல்ல? அப்ப எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாமி. ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க."

ஆர்மோனியத்தை நானும் அவரும் சந்து வழியாகத் தூக்கிப் போனோம். ஒவ்வொரு அடிக்கும் அது 'ஹோம்' என்று மூச்சுவிட்டது. கோயிலில் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாகச் சுருதி சேர்ந்தது. அந்த நபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும், வருத்தத்துடன் எழுதுகிறேன், வந்துவிட்டது. உபதேசியார் வீட்டு வேலிக்கருகே ஆர்மோனியத்தைக் கீழே வைத்து, அறுபத்து மூன்று வயதில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துருத்தியின் கிழிசலை என் பழைய சுங்க அரக்கால் அடைத்துவிட்டே உள்ளே வைத்தேன்.

"செம்பு மட்டுந்தான் பாக்கி. குடுங்க, நிமிசத்துல போட்டுட்டு வந்துர்றேன்" என்றார் அந்த நபர்.

"வேண்டாம். அதற்கு நான் நேரில் போக வேண்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா சங்கதி! சரிங்க, சரிங்க. வான்கோழிக்கு மட்டும் கைநெறையக் கேப்பை போட்டுடுங்க. வாயே தொறக்காது. நான் அப்படித்தான் செஞ்சேன்."

"நான் லஞ்சம் கொடுப்பதில்லை" என்றேன்.

போகுமுன், தாம் நகர்த்திய நான்கு ஓடுகளையும் கேட்காமலே கச்சிதமாக மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இனி இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

பின்குறிப்பு, மாலை மணி 5.30: தெருவில் ஒரே கொண்டாட்டம். அஞ்சாப்புலிதான் பொருள்களை மீட்டு வந்தார் என்று உபதேசியார் அவருக்குச் சாமந்தி மாலை போட்டார். அஞ்சாப்புலி என் வாசலுக்கு வெளியே, படியை மிதிக்காமல், மாலையோடு வந்து நின்றார். "ஐயா, நான் ஒண்ணுமே பண்ணல. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. மாட்டை விக்க வேண்டாமுன்னு தோணுது. சும்மா இருந்துடட்டுமா?"

"சும்மா இரும்" என்றேன். அந்த மாலை எனக்கு உரியது என்பதை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன்.

எண் 10
ஆகஸ்டு 23, திங்கட்கிழமை, மாலை மணி 6.45.

பித்தான் வைத்த கறுப்புக் கோட்டு. தலை வாரினேன், இரண்டு முறை. பன்னீர்ச் செம்பைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறமாகப் போய் அடுப்பங்கரை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்புவது என் திட்டம். எதனாலோ என் கால்கள் முன்வாசலுக்குப் போயின.

ஏழு வான்கோழிகளும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே குரலில் கத்தின. ஒன்று என் கோட்டுப் பித்தானைப் பிடுங்கி விழுங்கிவிட்டது. அம்மாள் வெளியே வந்தார்கள். செம்பின் புறா என் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் நீண்டது, சுத்தமாக மறந்துபோயிற்று. "பொருள் எவன் கூரையின் கீழ்…" என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

"உள்ள வாங்க ஐயா. அதுங்க மத்த பித்தானையும் முழுங்கறதுக்குள்ள வாங்க."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சு, எலி, அந்த நபர், அரக்கு. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபின், "என்னைத் திருடன் என்று நீங்கள் நினைத்தாலும் நான் மறுப்பதற்கில்லை. ஆனால் நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்திக்கு நான் கோயிலுக்குப் போவல. கோழி குஞ்சு பொரிச்சிது. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எந்த ஊர்த் திருடன் ஐயா, கொளுத்தற வெயில்ல பட்டுக்கொடைய விரிச்சிக்கிட்டு, டங்கு டங்குன்னு அடிக்கிற கடியாரத்தத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல இருமிக்கிட்டே போவான்?"

பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். செம்பை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். "ஒண்ணு கேக்கறேன். மத்தவங்க சாமானையெல்லாம் ஆளில்லாத நேரமா பாத்து வச்சீங்க. என்னோடத மட்டும் ஏன் கோட்டு மாட்டிக்கிட்டு வாசல் வழியா கொண்டாந்தீங்க?"

கேள்விக்குப் பதில் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. அம்மாள் செம்பில் பன்னீர் ஊற்றி என்மேல் தெளித்தார்கள். கோட்டு இன்னும் ஈரமாக இருக்கிறது. உலர்த்தப் போவதில்லை.

புறப்படும்போது வான்கோழிகளில் பெரியதைக் கயிற்றில் கட்டிக் கையில் கொடுத்தார்கள். "காவல் இல்லாத வீடு. பூட்டு எந்த லட்சணத்துல காக்குதுன்னுதான் பாத்தோமே. இது கத்தும், வச்சிக்குங்க. உங்க பித்தானும் இதுக்குள்ளதான் இருக்கு."

எண் 11
ஆகஸ்டு 25, புதன்கிழமை, காலை மணி 10.50.

பொருள்கள் திரும்பிவிட்டாலும் உத்தரவு உத்தரவுதானே; சோதனை முடிந்தது. இன்ஸ்பெக்டர் மச்சில் ஏறினார், காகிதங்கள். அலமாரி, காகிதங்கள். கொல்லைத் தாழ்வாரத்தில் வான்கோழி.

"இது எதிர்வீட்டு அம்மாள் கோழியல்லவா? உமது கூரையின் கீழ் எப்படி வந்தது?" என்றார். என்னுடைய வாக்கியமே என்னிடம் திரும்பி வந்தது. தெருவே என் வாசலில் கூடி நின்றது. யோசுவா ஐயரும் நின்றார்.

அப்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து உரத்த குரல்: "ஏங்க! அந்தக் கோழிக்குத் தண்ணி வச்சீங்களா?"

ஏங்க.

தெருப்பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அஞ்சாப்புலி முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்து என்னை நேராகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இதோ வைக்கிறேன்" என்று பதில் சொன்னேன். என் குரல் தெருக்கோடிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

எண் 12
ஆகஸ்டு 27, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.20.

மதிப்பிற்குரிய யோசுவா ஐயர் அவர்களுக்கு, ச. மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது.

நேற்றுத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ரெபேக்காள் அம்மாளுக்கும் எனக்குமான திருமண அறிவிப்பை வருகிற 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கும் முன், ஒரு விளக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். "என் கடிகாரம் சரியான மணியோடு திரும்பி வந்திருக்கிறது. குடை தைக்கப்பட்டிருக்கிறது. உபதேசியாரின் ஆர்மோனியத்தில் சுங்க முத்திரை அரக்கு இருக்கிறது. அஞ்சாப்புலிக்கு மணி பார்க்கவும் தெரியாது, ஊசி பிடிக்கவும் தெரியாது. இந்தத் தெருவில் இவை மூன்றையும் செய்யாமல் இருக்க முடியாத மனிதர் ஒருவரே" என்பது தங்கள் வாக்கியம். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

விளக்கமாக என் நாட்குறிப்பின் நகலை அனுப்புகிறேன். எதையும் மறைக்கவில்லை. தங்கள் சமையலறைக்குள் அனுமதியின்றி நுழைந்தேன். முழங்கால் வலி என்று சபைக்குப் பொய் சொன்னேன். இவற்றுக்காக அறிவிப்பு வாசிக்கலாகாது என்று தாங்கள் தீர்ப்பளித்தால் கீழ்ப்படிவேன். ஆனால் எதிர்வீட்டுக்கு அந்தச் செய்தியைத் தாங்களே போய்ச் சொல்ல வேண்டும். ஏழில் ஒன்று இங்கே இருந்தாலும், அங்கே இன்னும் ஆறு வான்கோழிகள் இருக்கின்றன.

அஞ்சாப்புலியின் மாலையைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

இத்துடன் இணைத்திருப்பவை:

ஒன்று: நாட்குறிப்பு நகல், எண் 1 முதல் 11 வரை. எண் 2ஐ நீக்க நினைத்தேன்; ரெபேக்காள் அம்மாள் படித்துவிட்டு, இருக்கட்டும் என்றார்கள்.

இரண்டு: அம்மாளின் சம்மதக் கடிதம், அவர்கள் கைப்பட. ஒரே வரி. இன்ன தேதி என்று போடவில்லை; எவ்வளவு சொல்லியும் போட மறுத்துவிட்டார்கள். முதன்முறையாக, தேதியில்லாத ஒரு காகிதத்தை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று: அஞ்சாப்புலிக்குரிய இவ்வருடக் காவல் கூலி, மூடிய உறையில், தங்கள் கையால் அவருக்குக் கொடுப்பதற்காக. அவர் என் படி ஏறுவதற்கு இது கையில் சேர வேண்டும். கலியாணப் பந்தல்காலை என் வீட்டு வாசலில் நடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான்கு: தங்கள் கடிகாரத்தின் சாவி. அந்த நபர் அதை மச்சில் வைத்திருந்தார். தாம் எடுத்து வந்த கடிகாரம் நின்றுபோகக் கூடாது என்று அவரே முடுக்கியும் வந்திருக்கிறார். அவசரத்தில் அது என் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. என் கணக்குப்படி கடிகாரம் நாளை மாலை நின்றுவிடும். ஞாயிறு அறிவிப்புக்கு ஒரு நிமிடமும் தாமதமாகாதபடி, தயவுசெய்து இன்றே சாவி கொடுக்கவும். முட்களைத் தொட வேண்டாம்.